பச்சைச் சீட்டு

நான் செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆலைக்குள் வருகிற பொருள்களில் எதை உள்ளே விடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிப்பது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சிறு பட்டறையில் தொடங்கி, 2011 முதல் ஓரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் இதையே செய்துவருகிறேன். லாரியில் வார்ப்புகள் வரும். ஐயாயிரம் வந்தால் ஐயாயிரத்தையும் அளக்க இயலாது. அட்டவணை சொல்கிற எண்ணிக்கையில் மாதிரி எடுத்து அளப்போம். சரியென்றால் பச்சைச் சீட்டு, தவறென்றால் சிவப்பு, ஐயமென்றால் மஞ்சள். சீட்டே இல்லாத பெட்டி உற்பத்திக் கூடத்துக்குள் போகக் கூடாது. இந்தக் கடைசி விதி புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. கெட்ட பொருளுக்குச் சீட்டு ஒட்டுவது சரி, நல்ல பொருளுக்கு எதற்கு என்று கேட்பார்கள். நல்லது என்பதும் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டிய தீர்ப்புதான் என்று அவர்களுக்கு விளக்குவேன். அதே விஷயத்தை என் வீட்டில் விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

2023 மார்ச்சில் ஓர் இரவு. மூன்றாம் ஷிப்ட். பன்னிரண்டரை மணிக்குக் கேன்டீனில் சப்பாத்தியும் குருமாவும் தயிர்சாதமும் போட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நால்வர் வார்ப்புகளைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பீகாரின் சமஸ்திபூர் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். ஒன்றேகால் மணி வாக்கில் என் மேசைக்கு வந்து நின்றான். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். "சார், கை எரியுது சார்" என்றான். இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்ட தமிழ். கழுத்தில் தடிப்புகள் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கியது. அடுத்த வாக்கியத்தில் அவன் குரல் மாறியிருந்தது. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்துவிட்டதைப் போல. பிறகு வாந்தி எடுத்தான். கால்கள் மடங்கின.

கூடிநின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணந்தான் வந்தது: சாப்பாட்டில் ஏதோ கோளாறு. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2021 டிசம்பரில் இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றின் விடுதி உணவால் பெண் தொழிலாளர்கள் பெருமளவில் நோயுற்றதும், அவர்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டதும் எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆனால் அந்த இரவில் அதே சப்பாத்தியை நானூறு பேர் தின்றிருந்தோம். விழுந்தவன் ஒருவன். கெட்டுப்போன உணவு ஒருவனை மட்டும் தேர்ந்தெடுத்து, அரைமணி நேரத்துக்குள், தோலிலும் தொண்டையிலும் ரத்தக்குழாய்களிலும் ஒரே சமயத்தில் தாக்காது.

எனக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. யாரோ நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கப் போனார்கள். நான் தடுத்து, தரையில் படுக்கவைத்துக் கால்களைப் பெட்டியொன்றின்மேல் தூக்கிவைத்தேன். அட்ரினலின் போடுங்கள் என்று முதலுதவி அறைக்காரரிடம் சொன்னேன். அவர் அவில் போட்டார். நம் ஊரில் அரிப்பு என்றால் கை தானாக அவிலைத்தான் தேடும். அவில் அரிப்பை அடக்கும். சரிந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. அட்ரினலின் ஆம்பூல் அலமாரியில் பூட்டி இருந்தது. மருத்துவர் தொலைபேசியில் உத்தரவு தந்தால்தான் எடுக்கலாம் என்பது விதி. மருத்துவர் தொலைபேசியை எடுக்கவில்லை. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் பதின்மூன்று நிமிடங்கள். 108 வந்தது. அதில் வந்த பெண் பார்த்த மாத்திரத்தில் தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியை இறக்கினார். ஐந்தாறு நிமிடங்களில் பையனின் குரல் திரும்பியது. "அம்மாவுக்குச் சொல்லாதீங்க" என்பதுதான் அவன் சொன்ன முதல் வாக்கியம், இந்தியில்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், என் மகளால் தெரிந்தது.

அவள் 2013இல் பிறந்தாள். மூன்றாம் மாதத்திலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் தோல் வெடித்து நீர் கோக்கும். வசம்பு, களிம்பு, தேங்காய்ப்பால் காய்ச்சிய எண்ணெய் என்று எல்லாம் பார்த்தாயிற்று. அவளுக்கு நான்கு வயதானபோது, 2017இல், அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு ஆய்வுக்கூடத்தில் 'அலர்ஜி பேனல்' என்ற ரத்தப் பரிசோதனை செய்தோம். ஒரே குப்பி ரத்தத்தில் தொண்ணூற்றுச் சொச்சம் பொருள்கள். எட்டுப் பக்க அறிக்கை, வண்ணத்தில். கத்தரிக்காய், வேர்க்கடலை, தேங்காய், துவரம்பருப்பு, அரிசி, முட்டை ஆகியவற்றுக்கு எதிரே சிவப்புக் கட்டங்கள். அவற்றில் முட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் அதுவரை தொந்தரவில்லாமல் தின்றுகொண்டிருந்தவள். வந்தவாசிப் பக்கம் என் மாமனார் வீட்டில் மல்லாட்டை பறிக்கும் காலத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. மூன்று வயதுக்காரி, வேகவைத்த மல்லாட்டை வாய் கொள்ளாமல், மடி நிறையத் தோல்.

ஆனால் நான் சிவப்புச் சீட்டுக்குப் பழகியவன். ஒரு கட்டம் சிவப்பாக இருந்தால் பொருளைத் திருப்பி அனுப்புவதே என் தொழில் ஒழுக்கம். அரிசியை எப்படி நிறுத்துவது என்று என் மனைவி கேட்டபோது அதை மட்டும் விட்டுக்கொடுத்தேன். மற்றவை பதினான்கு மாதங்கள் வீட்டுக்குள் வரவில்லை. தேங்காய் இல்லை, கடலைச் சட்னி இல்லை, துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு. மகளின் எடை ஏறவில்லை. கரப்பானும் குறையவில்லை.

பிறகு சென்னையில் ஒரு குழந்தைகள் ஒவ்வாமை மருத்துவரிடம் போனோம். அவர் அறிக்கையின் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "இதையெல்லாம் சாப்பிட்டால் பாப்பாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். முட்டைக்கு வாந்தி வரும் என்றேன். மற்றவற்றுக்கு? ஒன்றும் ஆகாது என்றேன். "அப்புறம் எதற்கு நிறுத்தினீர்கள்?" அவர் குரலில் கடுமை இல்லை. என்னிடம் பதிலும் இல்லை.

ஒவ்வொன்றாக மருத்துவமனையிலேயே சிறு அளவில் கொடுத்துப் பார்த்துத் திரும்பத் தொடங்கினோம். தேங்காய் சரி. கத்தரிக்காய் சரி. பருப்பு சரி. வேர்க்கடலையில், பதினான்கு மாதங்களுக்கு முன்பு கைநிறையத் தின்ற அதே வேர்க்கடலையில், மூன்றாவது அளவு கொடுத்த இருபதாவது நிமிடத்தில் அவளுக்கு உடம்பெங்கும் தடித்து, இருமல் வந்தது. அங்கே அட்ரினலின் தயாராக இருந்தது. நான் நிறுத்தியதால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். ஒரு குழந்தையை வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கரப்பான் உள்ள குழந்தைகளுக்குத் தின்றுகொண்டிருந்த உணவை நிறுத்தியபின் இது நேர்வதுண்டு என்றார். நல்ல மருத்துவர். ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். முறையாகப் படித்தவனல்ல, டிப்ளமோ மெக்கானிக்கல். தேடித் தேடிப் படித்ததில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

நாம் தின்பதெல்லாம் அந்நியப் பொருள். பருப்பின் புரதமும் மீனின் புரதமும் நம் உடலின் புரதங்கள் அல்ல. அதே புரதத்தை ஊசியில் ஏற்றினால் உடல் போருக்கு எழும். குடலின் உட்பரப்பை டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய பாடநூல்கள் எழுதின. 2014இல் அதைத் திரும்ப அளந்தவர்கள் சுமார் 32 சதுர மீட்டர் என்றார்கள், பாதிப் பூப்பந்தாட்ட மைதானம். அதுவே நம் தோலைப்போலப் பதினைந்து மடங்கு. இவ்வளவு பெரிய எல்லையில் நாள்தோறும் மூன்று வேளை அந்நியர்கள் வந்து இறங்குகிறார்கள். அமிலமும் நொதிகளும் பெரும்பகுதியை உடைத்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் முழுவதையும் அல்ல. 1920களின் பிற்பகுதியில் புரூக்ளினைச் சேர்ந்த வால்சர் என்பவர், மீன் ஒவ்வாதவரின் ரத்தநீரை ஆரோக்கியமானவர்களின் தோலில் சிறிதளவு ஏற்றிவிட்டு, அவர்களை மீன் தின்னச் சொன்னார். சற்று நேரத்தில் ஊசியிட்ட இடம் தடித்தது. மீனின் புரதம் உடையாமலே குடலைக் கடந்து ரத்தத்தில் கலந்து கைத்தோல்வரை வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அவர்களுக்கோ மீன் ஒன்றும் செய்யவில்லை.

ஆக, குடல் ஓர் அடைத்த சுவர் அன்று. அப்படியானால் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? உடல் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர்மாறு. உடல் மிகவும் கவனித்துப் பார்க்கிறது. சிறுகுடலின் சுவரில் திட்டுத்திட்டாக நோயெதிர்ப்புத் திசுக்கள் இருக்கின்றன. 1677இல் அவற்றை விவரித்த சுவிஸ் மருத்துவர் பேயரின் பெயரால் அறியப்படுபவை. அவற்றின் கூரையில் உள்ள ஒருவகை உயிரணுக்களுக்கு வேலையே மாதிரி எடுப்பதுதான். குடலுக்குள் ஓடுவதில் கொஞ்சம் உறிஞ்சிக் கீழே அனுப்பும். மற்ற இடங்களில், சளி சுரக்கும் உயிரணுக்களின் வழியாகவும் உணவுத் துணுக்குகள் உள்ளே இறங்குவதை 2012இல் கண்டார்கள். காத்திருக்கும் கிளைத்த உயிரணுக்கள் அந்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு குடல்தாங்கியில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. தீர்ப்பு அங்கே எழுதப்படுகிறது. படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். என் மேசை அல்லவா அது!

எழுதப்படும் தீர்ப்பு பெரும்பாலும் பச்சைச் சீட்டுதான். சீட்டு என்பது ஒருவகை வெள்ளணு. 'ஒழுங்காற்றும் டி செல்' என்கிறார்கள். வைட்டமின் ஏயிலிருந்து பிறக்கும் ஓர் அமிலத்தின் துணையோடு இவை உருவாகி, குடலுக்கே திரும்பிவந்து காவலிருக்கின்றன. இன்ன புரதம் வந்தால் கை ஓங்கக் கூடாது என்பது இவற்றின் உத்தரவு. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவ்வகை உயிரணுவை அடையாளம் காட்டினார். அமெரிக்கர்களான மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் இதற்கான மரபணுவைக் கண்டார்கள். மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதுபட்டுப் பிறக்கிற ஆண்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு, கரப்பான், சர்க்கரை நோய், இவற்றோடு உணவு ஒவ்வாமையும் வருகிறது. உடல் தன்னையும் தாக்குகிறது, சோற்றையும் தாக்குகிறது. அமைதி காக்கிறவன் இல்லாவிட்டால் அமைதி தானாக இருப்பதில்லை.

இது புது அறிவும் அன்று. 1902இல் பாரிஸில் போர்ட்டியேவும் ரிஷேயும் கடல்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி அவற்றைப் பாதுகாக்க முயன்றார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரங்கள் கழித்து இட்ட சிறு அளவில் அரைமணிக்குள் செத்தது. பாதுகாப்புக்கு எதிரான ஒன்று நடந்துவிட்டது என்பதால் அனாஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். (1913இல் ரிஷேவுக்கு நோபல்.) அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே, 1911இல், சிகாகோவின் வெல்ஸ் இதன் மறுபக்கத்தைக் கண்டார். எந்தப் புரதத்தைத் தீனியாகத் தின்று வளர்ந்தனவோ, அந்தப் புரதத்தைப் பின்னர் ஊசியில் ஏற்றியபோது கினிப்பன்றிகள் சாகவில்லை. வாய்வழி வந்தால் நட்பு, வேறு வழி வந்தால் பகை. பொருள் ஒன்றே.

என் மகளின் கதை இந்த 'வேறு வழி'யில்தான் இருக்கிறது. லண்டனில் கிடியான் லாக் என்ற குழந்தை மருத்துவர் 2003இல், கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட கரப்பான் குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை மிகுந்திருப்பதைக் காட்டினார். வெடித்த தோல் வழியாக நுழைகிற புரதத்தை உடல் எதிரியாகவே எழுதிக்கொள்கிறது. ஆலையில் இது எங்களுக்குப் புரியும். வாயிற்கதவு வழியாக ரசீதோடு வந்த பெட்டியும், நள்ளிரவில் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்த பெட்டியும் ஒன்றல்ல, உள்ளே இருப்பது ஒரே வார்ப்பாக இருந்தாலும். எங்கள் வீட்டில் நாள்தோறும் கடலை வறுத்துத் தோல் புடைப்போம். அந்தத் தூசி பாயிலும் தலையணையிலும் இருக்கும். அவள் அதைத் தின்றுகொண்டிருந்தவரை இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சமன் செய்திருக்கலாம். நான் வாயிற்கதவை மட்டும் பூட்டினேன்.

இப்படி யோசிப்பது என்னைத் தண்டித்துக்கொள்வதற்காக மட்டும் அல்ல. அக்காலத்தில் மேலை நாடுகளிலும் இதையே செய்தார்கள். ஒவ்வாமைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை தரவேண்டாம் என்று 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னார்கள். 2008இல் அதை விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டில் லாக்கின் குழு, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இந்த ஒவ்வாமை இஸ்ரேலியக் குழந்தைகளைப்போலப் பத்து மடங்கு இருப்பதைக் காட்டியது. இஸ்ரேலில் பல் முளைக்கும் முன்பே கடலைப் பொரி தின்கிறார்கள். பிறகு 640 கைக்குழந்தைகளைக் கொண்டு சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. ஐந்து வயதில், தவிர்த்த குழந்தைகளில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை; தின்றவர்களில் 3.2. இது வெளிவந்து இரண்டாண்டுகள் கழித்துத்தான் நான் அந்த எட்டுப் பக்க அறிக்கையைக் கையில் பிடித்திருந்தேன்.

அந்த அறிக்கையின் சிவப்புக் கட்டங்கள் பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் அவள் ரத்தத்தில் இருந்தது உண்மை. எதிர்ப்பொருள் என்பது உடல் அந்தப் பொருளை அறிந்திருக்கிறது என்பதற்கான தடயம்; அறிந்தவரெல்லாம் பகைவரல்லர். இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பெங்களூருவிலும் மைசூருவிலும் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஏதாவதோர் உணவுக்கு எதிர்ப்பொருள் கொண்டிருந்தவர்கள் 26.5 விழுக்காடு. உண்மையில் ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 விழுக்காடு. 2020இல் வெளியான ஆய்வில், அப்பகுதிக் குழந்தைகளிடம் அது 0.14 விழுக்காடே. நாம் சோற்றை அறிந்திருக்கிறோம், கத்தரிக்காயை அறிந்திருக்கிறோம், அமைதியாகத் தின்றுகொண்டிருக்கிறோம். எங்கள் தொழிலில் நல்ல சரக்கைத் தவறாகத் திருப்பியனுப்புவதற்கு 'உற்பத்தியாளர் இடர்' என்று பெயர். கெட்டதை உள்ளே விடும் தவறுக்குத்தான் எல்லோரும் அஞ்சுவார்கள். இதற்கு அஞ்ச மாட்டார்கள், ஏனெனில் இழப்பு வேறொருவருடையது. தொண்ணூற்றுச் சொச்சம் பொருள்களை நோயாளியின் அனுபவம் கேட்காமல் சோதித்துக் கட்டம் கட்டமாகச் சிவப்படிக்கிற பரிசோதனையில் இழப்பு குழந்தையுடையது. இன்றும் இது நம் ஊர்களில் விற்கப்படுகிறது என்பதில் எனக்குக் கோபம் இருக்கிறது. என்மீதுள்ள கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது.

பையனிடம் வருகிறேன். அவனைப் பரிசோதித்த மருத்துவர் கண்டுபிடித்தது கோதுமை. பிறந்தது முதல் ரொட்டி தின்று வளர்ந்தவனுக்குக் கோதுமையா என்று நான் நம்பவில்லை. அவனும் நம்பவில்லை. "ரொட்டி நல்லது சார்" என்றான், ரொட்டிக்காகப் பரிந்து பேசுபவன்போல. மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு வாங்கினார். ஓராண்டாகவே, சாப்பிட்ட கையோடு ஷிப்ட் பேருந்தைப் பிடிக்க ஓடும் நாள்களில் அவனுக்கு உடம்பு தடித்திருக்கிறது. சாப்பிட்டு உட்கார்ந்திருந்த நாள்களில் ஒன்றுமில்லை. சாப்பிடாமல் ஓடிய நாள்களிலும் ஒன்றுமில்லை. இரண்டும் சேரும்போது மட்டும். கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதத்துக்கு இவர்கள் உடல் எதிர்ப்பொருள் வைத்திருக்கிறது. 1999இல் ஃபின்லாந்தில் அதை அடையாளம் கண்டார்கள். அமர்ந்திருக்கையில் அமைதி நிலைக்கிறது. கடும் உழைப்பின்போது ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் பாய்ந்து, குடற்சுவர் நெகிழ்ந்து, வழக்கத்தைவிட அதிகப் புரதம் உள்ளே போய்விடுகிறது என்பது தரப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆஸ்பிரின் வகை வலிமாத்திரைகளும் அந்த நெகிழ்வைக் கூட்டும். அன்றிரவு அவன் முதுகுவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தான். சப்பாத்தி, மாத்திரை, பழுதான ஃபோர்க்லிஃப்ட். மூன்றும் கூடிவந்த ஓர் இரவு.

இதை எங்கள் ஆலைக்கு ஆலோசகராக வந்திருந்த ஜப்பானியப் பொறியாளரிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னபோது, அவர் சிறிதும் வியப்படையவில்லை. "சோப்பா?" என்று கேட்டார். நான் விழித்தேன். பிறகு விளக்கினார். அவர்கள் நாட்டில் 'தேயிலைத் துளி' என்று பொருள்படும் பெயரில் ஒரு முகச்சோப்பு பிரபலமாக இருந்திருக்கிறது. நுரைக்காகவும் மென்மைக்காகவும் அதில் சிதைத்த கோதுமைப் புரதத்தைச் சேர்த்திருந்தார்கள். பல ஆண்டுகள் அதால் முகம் கழுவியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. ரொட்டியோ நூடுல்ஸோ தின்றுவிட்டு நடந்தாலே கண்ணிமை வீங்கி விழுந்தவர்கள் பலர். 2011இல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. சோப்பை நிறுத்திய பிறகு பலர் மெல்ல மெல்ல மீண்டும் கோதுமை தின்னத் தொடங்கினார்கள். வாயால் ஆயுள்முழுதும் கட்டிவைத்த நட்பைத் தோல் வழியாக ஒரு சோப்புக்கட்டி கலைத்துவிட்டது. எங்கள் பையனுக்கு எந்தச் சோப்பு, எந்தத் தூசி என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஜப்பானியரின் கேள்வியால், நான் அன்றிலிருந்து குளியலறையில் சோப்புறையைக்கூடப் படிக்கிறவனாகிவிட்டேன்.

கோதுமைக்கும் குடலுக்குமான தகராறில் இன்னொரு வகையும் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. சீலியாக் என்பது நொடியில் தாக்குவதில்லை. குடலின் விரல்போன்ற உறிஞ்சிகளை மாதக்கணக்கில் மழுங்கடித்து ஆளை இளைக்கவைப்பது. இங்கும் முறிவது அதே சகிப்புதான். எய்ம்ஸும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் பிறரும் சேர்ந்து, ஹரியானாவிலும் வேலூர்ப் பகுதியிலும் வடகிழக்கிலும் 23,331 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். இந்நோய்க்கு இடம்தரும் மரபணுக்கள் வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடம், தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம், அனேகமாகச் சமம். நோயின் எதிர்ப்பொருளோ வடக்கில் 1.23 விழுக்காடு, தெற்கில் 0.10. தின்கிற கோதுமை வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25. நமக்கு நோய் இல்லாமைக்குக் காரணம் நம் குடலின் சிறப்பு அல்ல, நம் தட்டில் சோறு இருந்தது என்பதாகவே தோன்றுகிறது. ஓரகடத்தின் கேன்டீன் வரிசையில் நின்றால் அந்த வேறுபாடு கரைந்துகொண்டிருப்பதைக் காணலாம். சமஸ்திபூர்க்காரன் சோற்றுக்கும் செய்யாறுக்காரன் சப்பாத்திக்கும் கைநீட்டுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: கோதுமையே தொடாதவர் என்று நம்புகிற நம் பாட்டிமார்களின் ரசத்திலும் அது உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ எழுதியிருக்கும்.

பையனின் பயம் நோயைப் பற்றியதல்ல. மருத்துவர் தந்த தாளை ஒப்பந்தக்காரர் பார்த்தால் வேலை போய்விடும் என்பது. ஓராண்டாகத் தடிப்பை மறைத்ததும் அதனால்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நானும் மனிதவளப் பிரிவில் ஒருவரும் இரண்டு வாரங்கள் அலைந்தோம். அவனைக் கைவண்டியிலிருந்து எடுத்து, பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு என் பகுதிக்கே மாற்றினார்கள். அலமாரியின் பூட்டும் போயிற்று. இப்போது அட்ரினலின் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடைத் தசையில், உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று மருத்துவர் கையெழுத்திட்ட தாள் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அந்த ஆம்பூலின் விலை ஒரு தேநீர், ஒரு வடையின் விலைக்கு அதிகமிருக்காது.

வேலை நாள்களில் அவன் சோறுதான் தின்கிறான், புகாரோடு. ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் அனுமதித்தபடி அறையில் ரொட்டி சுட்டு எட்டு ஒன்பது தின்றுவிட்டு மாலைவரை அசையாமல் படுத்துக்கிடக்கிறான். "டாக்டர் ஆர்டர் சார்" என்கிறான்.

என் மகள் இன்னும் வேர்க்கடலை தின்பதில்லை. அவள் பள்ளிப் பையில் ஊசியும் ஆம்பூலும் ஒரு சிறு டப்பாவில் இருக்கின்றன. வகுப்பாசிரியைக்குப் போடத் தெரியும். உணவுப் புரதமே இல்லாமல், வெறும் அமினோ அமிலங்களை ஊட்டி வளர்த்த எலிகளின் சிறுகுடலில் அந்த அமைதிக் காவலர்கள் பெருமளவு குறைந்திருந்ததாகக் கொரிய ஆய்வாளர்கள் 2016இல் எழுதியதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறு சிறு அளவில் கொடுத்து மீண்டும் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. நீண்டது, ஆபத்து இல்லாததும் அல்ல. அவளுக்குச் செய்யலாமா என்று மருத்துவருடன் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவை அவளும் சேர்ந்து எடுக்கட்டும் என்பது என் மனைவியின் எண்ணம்.

சென்ற பொங்கலுக்கு வந்தவாசி போயிருந்தபோது, மாமனார் வீட்டு அலமாரியைக் குடைந்து அந்தப் பழைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதுல நான் என்ன சாப்பிடறேன்?"

"மல்லாட்டை" என்றேன்.

நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.